பரிசுத்தவான்களுக்கு ஒரு வார்த்தை

எழுத்தாளன் எந்த நாற்காலியில் உட்கார்ந்தான் என்று முதலில் விசாரித்துவிட்டு, அப்புறம்தான் அவன் புத்தகத்தைத் தொடுவது என்பது நம் சிறுபத்திரிகை வட்டத்தில் ஆசாரமாகவே ஆகிவிட்டது. மலையாற்றூர் ராமகிருஷ்ணன் பெயரை எடுத்தால் உடனே வரும் பதில்: "வக்கீல், நிருபர், கலெக்டர், கடைசியில் சினிமா. இதில் இலக்கியம் எங்கே?" நான் சொல்கிறேன்: இலக்கியம் அங்கேதான்.

1927இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த தமிழ் ஐயர் அவர். கே. வி. ராமகிருஷ்ண ஐயர் என்பது வீட்டுப் பெயர். எழுத்தில் ஐயர் உதிர்ந்து, பெரியாற்றங்கரை ஊர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார், வக்கீல் தொழில் பார்த்தார், பம்பாயில் ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் வேலை செய்தார். 1954இல் பெரும்பாவூரில் கம்யூனிஸ்டு வேட்பாளராக நின்று தோற்றார். பிறகு மாஜிஸ்ட்ரேட், பிறகு ஐ.ஏ.எஸ்.; 1981இல் அதையும் ராஜினாமா செய்தார். ஸ்திரபுத்தி இல்லாதவன் என்று இதைப் படிக்கலாம். ஒரு சமூகம் எந்தெந்த அறைகளில் தன் முடிவுகளை எடுக்கிறதோ, அத்தனை அறைகளிலும் ஒருவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான் என்றும் படிக்கலாம்.

'வேருகள்' நாவலை எடுத்துக்கொள்வோம். 1967இல் கேரள சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதிகாரியான ரகு, மனைவியின் வற்புறுத்தலால் நகரத்தில் பெரிய வீடு கட்ட நினைக்கிறான், அதற்காகப் பூர்வீகச் சொத்தை விற்கக் கிராமத்துக்குப் போகிறான், விற்காமல் திரும்புகிறான். விஷயம் இவ்வளவுதான். நம்மவர் கையில் இது பழம்பெருமைப் புலம்பலாகி நாறியிருக்கும். ஒரு விற்பனைப் பத்திரம் எத்தனை தலைமுறைகளை ஒரே கையெழுத்தில் தீர்த்துக் கட்டும் என்பது வக்கீலுக்குத் தெரியும். அந்த அறிவுதான் நாவலின் முதுகெலும்பு. ரகுவின் தடுமாற்றத்தில் உள்ள அவமானம் பதவியின் அவமானம். அதை வெளியில் நின்று எழுதியிருக்க முடியாது.

இன்னொன்று. அது தமிழ் பேசும் குடும்பத்தின் கதை. நம் மொழி மலையாள லிபிக்குள் முனகுவதை அதில் கேட்கலாம். ஐரோப்பாவின் நான்காந்தர நாவலாசிரியன் ஒருவன் விடாமல் நம் பக்கங்களில் ஆஜராகிறான். வாளையாற்றைத் தாண்டினால் இருப்பவனைப் பற்றி ஒரு நல்ல கட்டுரையை நான் இன்னும் பார்க்கவில்லை.

'யந்திரம்' நாவலுக்கு 1979இல் வயலார் விருது கிடைத்தது. அரசாங்கம் என்ற இயந்திரத்துக்குள் ஐ.ஏ.எஸ்.காரன் என்ன ஆகிறான் என்பது அதன் பொருள். நம்மில் எத்தனை பேர் அரசாங்கச் சம்பளக்காரர்கள்! காலையில் கோப்பு, மாலையில் கவிதை. கோப்பு கவிதைக்குள் நுழைந்துவிடாமல் காவல் காப்பதையே தூய்மை என்று நினைக்கிறோம். வயிறு பிழைக்கும் இடத்தைப் பற்றி மூச்சு விடாதவன் 'இருத்தலின் அவஸ்தை' பற்றி எழுதினால் நான் ஏன் நம்பவேண்டும்?

சினிமாவுக்கு வருகிறேன். முகம் சிதைந்த ரசாயன ஆசிரியன் ஒருவன் தன் அழகிய மனைவியை யட்சியோ என்று சந்தேகிக்கும் 'யக்ஷி', 1968இல் சேதுமாதவன் இயக்கத்தில் படமாயிற்று. திரைக்கதை தோப்பில் பாஸி. நல்லதோ கெட்டதோ, அதன் கணக்கை மலையாற்றூர் பெயரில் எழுதாதீர்கள். அவரே எழுதிய படங்களில் எனக்குத் தகராறு உண்டு. 1990இல் வந்த 'ஐயர் தி கிரேட்' படத்தில் மம்முட்டி ஒரு தமிழ் ஐயர். ஆனால் அந்த ஐயருக்குப் பூர்வீக நிலம் இல்லை, விற்பதா வேண்டாமா என்ற வேதனை இல்லை. நடக்கப்போவதை முன்கூட்டியே காணும் சக்தி மட்டும் இருக்கிறது. ரகுவுக்கு நாளைக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதே தெரியாது. அதனால்தான் ரகு மனிதன். இந்த இறக்கத்தைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். 'வேருகள்' படித்துவிட்டு வந்து திட்டுங்கள்.