‘ஸ்பாஸ்’னு திட்டுறதுக்கு முன்னாடி...

கையில் இருப்பதைக் கீழே போட்டாலோ, தடுக்கி விழுந்தாலோ ஆங்கிலத்தில் ‘ஸ்பாஸ்’ என்று கலாய்ப்பார்கள். நம்ம ‘சொதப்பல் பார்ட்டி’ மாதிரி ஜாலியான வார்த்தை என்றுதான் தோன்றும். ஆனால், இது ‘ஸ்பாஸ்டிக்’ என்பதன் சுருக்கம். மூளை முடக்குவாதத்தால் தசைகள் இறுகி, கை கால் நினைத்தபடி அசையாதவர்களைக் குறித்த மருத்துவச் சொல் அது. பிரிட்டனில் அது எவ்வளவு மோசமான வசவானது என்றால், ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி’ என்ற தொண்டு அமைப்பே 1994-ல் ‘ஸ்கோப்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது.

2022-ல் பாடகி லிஸ்ஸோவும், அடுத்து பியான்சேவும் எதிர்ப்பு வந்ததும் பாடல் வரியிலிருந்து இதைத் தூக்கினார்கள். அமெரிக்காவில் இந்தச் சொல் அவ்வளவு சுடாது என்பது உண்மைதான். ஆனா, பாட்டு உலகம் முழுக்கப் போகுதே!

கலாய்த்தே ஆகணும்னா ‘க்ளட்ஸ்’ இருக்கு. இத்திஷ் மொழியிலிருந்து வந்த அதற்கு மரக்கட்டை என்றுதான் அர்த்தம்.