‘இங்கிலீஷ் போதும்’ என்னும் சோம்பல்

கோவை, திருப்பூர் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் பி.காம். ஐ.பி. என்றொரு படிப்பு உண்டு. ஐ.பி. என்றால் இன்டர்நேஷனல் பிசினஸ். ஏற்றுமதி நடைமுறை, அந்நியச் செலாவணி, லெட்டர் ஆஃப் கிரெடிட், பில் ஆஃப் லேடிங், இன்கோடெர்ம்ஸ் என்று பாடங்கள் நீளும். உலகத்தோடு வியாபாரம் செய்யச் சொல்லித்தரும் இந்தப் படிப்பில், அந்த உலகம் பேசும் மொழி ஒன்றையாவது பேசுகிற அளவுக்குச் சொல்லித்தருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பேராசிரியரில் தொடங்கி அப்பா அம்மா வரைக்கும் ஒரே பதில்தான்: “அதுக்குத்தான் இங்கிலீஷ் இருக்கே!”

இந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இது இத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது. வங்கிக்குப் போகும் ஏற்றுமதி ஆவணங்கள் இங்கிலீஷில்தான் ஓடுகின்றன. ஜப்பானிய நிறுவனமான ராகுடென் 2010-ல், இனி எங்கள் அலுவலக மொழியே இங்கிலீஷ் என்று அறிவித்தது. ‘ஜப்பான்காரனே மாறிட்டான்’ என்பவர்களுக்கு இது நல்ல ஆதாரம். ஆனால் ஒரு முதலாளி தன் ஆட்களை இங்கிலீஷ் படிக்கச் சொன்னார் என்பதற்கும், அந்த நாட்டுக் கடைக்காரரும் வாடிக்கையாளரும் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார்கள் என்பதற்கும் வெகுதூரம். ஜப்பானியக் கம்பெனிகளில் கூட்டம் கூடுவதற்கு முன்பே ஆள் ஆளாகப் போய்ப் பேசி ஒப்புதல் வாங்கிவைக்கும் பழக்கம் உண்டு. அந்தப் பேச்சு ஜப்பானிய மொழியில் நடந்து முடிந்திருக்கும். கூட்டத்தில் நம் ஆள் இங்கிலீஷில் கேட்பது ஏற்கெனவே எடுத்த முடிவை.

ஐரோப்பாவுக்குப் போகும் திருப்பூர் பனியன் ஒன்றின் பக்கத் தையலைப் புரட்டிப் பாருங்கள். வாஷ்கேர் லேபிள் நாலைந்து மடிப்பாகத் தொங்கும். துணி எந்த நூலிழையால் ஆனது என்பதை, அது விற்கப்படும் நாட்டின் ஆட்சிமொழியில் சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி (2011-ஆம் ஆண்டின் 1007-ஆம் எண் ஒழுங்குமுறை). அதனால் ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போலிஷ் என்று வரி வரியாக ஓடும். இங்கிலீஷ் அதில் ஒரு வரி. இதைப் பார்த்து ஓகே செய்ய வேண்டிய மெர்ச்சண்டைசருக்குப் புரிவது அந்த ஒரு வரி மட்டும். மற்றதெல்லாம் பையர் அனுப்பிய ஆர்ட்வொர்க். கண்ணை மூடிக்கொண்டு லேபிள் பிரிண்டருக்குப் போகிறது. ஒரு வரி இடம் மாறினாலும் பிடிக்க ஆளில்லை. பிறகு பையரிடமிருந்து டெபிட் நோட் வரும். அது மட்டும் நல்ல இங்கிலீஷில் இருக்கும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. இங்கிலீஷில் கொள்முதல் செய்யும் பெரிய சங்கிலிக் கடைகளுக்கு வங்கதேசம், வியட்நாம், கம்போடியா எல்லாமே அதே இங்கிலீஷில்தான் விலை சொல்கின்றன. அங்கே போட்டி சென்ட் கணக்கில்; மிச்சம் என்று ஒன்றும் தேறாது. நாலைந்து ஊரில் கடை வைத்திருக்கும் ஸ்பெயின்காரரோ ஜெர்மன்காரரோ தன் மொழியில் பேசுகிறவரிடம்தான் மனம்விட்டுப் பேசுவார். அவருக்கும் நமக்கும் நடுவில் ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறார். ஏஜென்டுக்குப் போகும் கமிஷனில் ஒரு பங்கு, நாம் படிக்காமல் விட்ட மொழிக்குக் கட்டும் அபராதம்.

1946-ஐ எண்ணிப் பாருங்கள். போர் முடிந்து, டாலர் உச்சத்தில் இருந்த நேரம். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கர்களைப் போல ‘எங்க மொழி போதும்’ என்று சொல்ல உரிமை உள்ளவர்கள் வேறு யாரும் இல்லை. அந்த அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து கிளெண்டேலில், போர்க்கால விமானப் பயிற்சித் தளம் ஒன்றை வாங்கி, பார்ட்டன் யவுன்ட் என்ற ராணுவ ஜெனரல் அந்நிய வணிகத்துக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கினார். தண்டர்பேர்ட் என்று பின்னால் பேர் பெற்றது அதுதான். பாடத்திட்டத்துக்கு மூன்று தூண்கள்: வணிகம், அந்தந்த வட்டாரத்தைப் பற்றிய படிப்பு, அயல்மொழி. இங்கிலீஷைச் சொந்தமாக வைத்திருந்தவர்களுக்கே அது போதவில்லை. அதை இரவல் வாங்கிய நமக்கு மட்டும் போதுமாம்!

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டார் கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் வட்டிக்கணக்கோடு சேர்த்தே ஊர்ப்பேச்சையும் பழகினான். அவனிடம் பட்டம் இல்லை; கடன் வாங்க வருகிறவரிடம் பேசத் தெரிந்திருந்தது.

‘எங்க காலேஜ்ல பிரெஞ்ச் இருக்கே’ என்பார்கள். இருக்கிறது. அது வேறு கதை. பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக்குத் தாவுகிற பிள்ளைகளில் எத்தனை பேர் பாரிஸை நினைத்துத் தாவுகிறார்கள்? மார்க் அள்ளலாம் என்பதுதான் காரணம். கல்லூரியிலும் முதல் பகுதி மொழிப்பாடமாக அதுவே தொடரும். வாரம் ஐந்தாறு மணி நேரம், நாலு செமஸ்டர். கூட்டினால் முந்நூறு மணி நேரத்தை ஒட்டி வரும். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் ஒரு பிரெஞ்சுக்காரரோடு தொலைபேசியில் சரக்கு எப்போது கிளம்பும் என்று பேசி முடிக்கிற அளவுக்கு அது போதும். நடப்பதோ, பத்து கேள்விக்கு விடை மனப்பாடம். தொண்ணூற்றைந்து மார்க் வாங்கிய பிள்ளைக்கு வாய் திறக்காது. வணிகத்துறைக்கும் மொழித்துறைக்கும் நடுவில் ஒரு சுவர்: அங்கே இன்வாய்ஸ் தெரிந்தவர்களுக்கு மொழி தெரியாது, இங்கே மொழி படித்தவர்கள் இன்வாய்ஸைப் பார்த்ததில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது 1998-ல். ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது 2010-ல். கொரியாவும் ஜப்பானும் நம் வாசலுக்கே வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்த மொழிகள் வணிகப் படிப்புக்குள் வரவில்லை. கஷ்டமான மொழிகளாம். அமெரிக்க வெளியுறவுத்துறையின் பயிற்சி நிலையம் ஜப்பானியத்துக்கும் கொரியத்துக்கும் 2,200 வகுப்பு மணி நேரம் கணக்கு வைத்திருப்பது உண்மை. அது இங்கிலீஷில் யோசிக்கிறவர்களுக்கான கணக்கு. வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் அந்த இரண்டு மொழிகளிலும் தமிழைப் போலத்தான். ஜப்பானிய எழுத்து மலைப்பாக இருக்கலாம். வாக்கியம் நமக்குப் பழக்கப்பட்டது. கொரிய எழுத்தோ இரண்டு வாரத்தில் பிடிபடும்.

மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டுகிறவர்களுக்கு நீளமான பதில் தேவையில்லை. மின்னஞ்சல் படிக்க அது உதவும். ஆனால் அதே செயலி போட்டியாளரின் கையிலும் இருக்கிறது.

அட்மிஷன் நேரத்தில் பெற்றோர் மூன்றே கேள்வி கேளுங்கள். ஐ.பி. படிப்பில் அயல்மொழிக்கு எத்தனை மணி நேரம்? முடிக்கும்போது ஜப்பானியத்துக்கான ஜே.எல்.பி.டி., பிரெஞ்சுக்கான டெல்ஃப், ஜெர்மனுக்கான கோதே போன்ற வெளித்தேர்வு ஒன்றைப் பிள்ளை எழுதுமா? அந்த மொழியில் ஒரு விலைப்புள்ளி எழுதவும் பேரம் பேசவும் வகுப்பு உண்டா? மூன்றுக்கும் மழுப்பல்தான் வருகிறதென்றால் சாதாரண பி.காம்.மிலேயே சேர்த்துவிடுங்கள், மிச்சமாகிற பணத்தில் பிள்ளை மாலையில் ஒரு மொழி படிக்கட்டும்.