ஆய்வுக்கூடத்தில் தனிமை



உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒரு பிள்ளை டெல்லியில் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கலாம். ஊரில் அதைப் பெருமையாகச் சொல்கிறோம். 2023ஆம் ஆண்டு முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. ஆகவே பிள்ளைக்குக் குறைவொன்றும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால், அந்தப் பிள்ளை இரவு உணவை யாரோடு அமர்ந்து உண்கிறது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா?

பட்டப்படிப்பில் ஒரு வகுப்பு உண்டு. எல்லாரும் ஒரே பாடத்தைப் படித்து, ஒரே நாளில் தேர்வு எழுதுவர். ஆய்விலோ ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கேள்வி. ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ அந்த ஒரு கேள்வியோடுதான் வாழ வேண்டும். பல மாதப் பிரயாசம் வீணாகிப் போனால், அந்த வேதனையை அடுத்த மேசையில் இருப்பவருக்கு விளக்குவதும் கடினம். மொழியும் உணவும் குளிரும் வேறான ஊரில் இத்தனிமை இரட்டிப்பாகிறது.

இதற்கு டெல்லியிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. கிரண் சேத் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நியூயார்க்கில் வாழ்ந்த நாட்களில் டாகர் குடும்பத்தாரின் துருபத் இசை அவர் உள்ளத்தைத் தொட்டது. நாடு திரும்பி டெல்லி ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்த அவர், 1977இல் 'ஸ்பிக் மெக்கே' இயக்கத்தைத் தொடங்கினார். சாஸ்திரிய இசையையும் நடனத்தையும் நாட்டுப்புறக் கலைகளையும் கல்வி நிலையங்களுக்கே கொண்டு செல்வது அதன் பணி. 2009இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மேடையை அல்ல. அதற்குப் பின்னால் நடப்பதை. இது தொண்டர்களால் நடத்தப்படும் இயக்கம். கலைஞரை வரவேற்பதும் அரங்கை ஆயத்தம் செய்வதும் மாணவர் கைகளே. வேதியியல் மாணவியும் இயந்திரவியல் மாணவரும் ஒரே விரிப்பின் இரு முனைகளைப் பிடிக்கும்போது, அறிமுகத்துக்கென்று தனிக்கூட்டம் தேவையில்லை. "வாருங்கள், பழகுவோம்" என்றால் கூச்சமுள்ளவர் வரமாட்டார். "இந்த வேலைக்கு ஓர் ஆள் குறைகிறது" என்றால் வருவார். ஐக்கியம் பிறப்பது இப்படித்தான்.

கச்சேரி முடிந்த பின்னும் அது ஆய்வுக்குள் தொடரலாம். சாதாரண மேளத்தின் ஓசையில் சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தில் மட்டும் ஏன் நிற்கிறது? இக்கேள்விக்கு சர் சி.வி. இராமன் 1920இல், சிவகாளி குமார் என்பவருடன் இணைந்து, 'நேச்சர்' இதழில் விடையளித்தார். தோலின் நடுவில் பூசப்படும் கரணையின் எடையே அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, இசைந்த ஒலிகளைத் தருகிறது. கலையே அங்கே இருவரின் ஆய்வாயிற்று.

ஆய்வே கலையாவதும் உண்டு. முனைவர் பட்ட ஆய்வை நடனமாக விளக்கும் சர்வதேசப் போட்டி ஒன்று 2008 முதல் நடந்து வருகிறது. 2018ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற இயற்பியல் ஆய்வாளர் பிரமோத் சேனரத் யாப்பா, மீக்கடத்தல் என்னும் நிகழ்வை நடனமாக்கினார். தனித்தனியே திரியும் எலெக்ட்ரான்கள், மிகுந்த குளிரில் இணை இணையாகச் சேர்ந்து தடையின்றிப் பாய்வதே மீக்கடத்தல். அதை ஒருவர் தனியாக ஆடிக் காட்ட இயலாது. ஆடுவதற்கும் துணை வேண்டும்.

ஆகையால், அன்பானவர்களே, "எப்போது முடிப்பாய்?" என்று கேட்பதைச் சற்றே நிறுத்துங்கள். "உன் சோதனையை எனக்குப் புரியும்படி வரைந்து காட்டு" என்று கேளுங்கள். வீட்டில் உறைக்குள் கிடக்கும் கிதாரை விடுதிக்கு அனுப்புங்கள். டெல்லியில் வசிப்பவர்கள் ஞாயிறு மதியம் நான்கு ஆய்வு மாணவர்களைச் சாப்பிட அழையுங்கள். காய் நறுக்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள்.

கலை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் குறைந்தால், மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். அது வெட்கத்துக்குரியதல்ல. ஆனால், பிள்ளையின் முகம் வாடியிருப்பதை முதலில் காண ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அந்த ஒருவர், பெரும்பாலும், விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவராகவே இருப்பார்.