தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் வேண்டுமா?

ராமேஸ்வரம் யாத்திரை போய் வரும் நம் சங்க அன்பர்கள் பலர், "தனுஷ்கோடிக்கு எப்போது சார் ரயில் விடுவார்கள்?" என்று கேட்கிறார்கள். 2019 மார்ச்சில் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி பாதைக்கு அடிக்கல்கூட நாட்டப்பட்டது. என் அபிப்பிராயம், கப்பல் இல்லாமல் அந்த ரயில் வேண்டாம் என்பதே.

அந்தப் பாதை போட்டதே கப்பலுக்காகத்தான். முன்பெல்லாம் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும், எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்தார்கள். கொழும்பு வரை ஒரே டிக்கெட். பாம்பனிலிருந்து மெயின் லைன் தனுஷ்கோடிக்குத்தான் போயிற்று. ராமேஸ்வரம் வெறும் கிளைப்பாதை!

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. 653-ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை எட்டுவதற்குள் கடலலை வாரிக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மீளவில்லை. ஊரும் துறைமுகமும் அழிந்தன. சிதைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர்செய்த ரயில்வே, தனுஷ்கோடிப் பாதையை மட்டும் கைவிட்டது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980-களில் இலங்கைப் போரால் அதுவும் நின்றது.

மீண்டும் பாதை போட முடியாது என்று நான் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தையே திறந்துவிட்டோம். ஆனால் பாதையைப் போடுவது ஒருமுறை, பராமரிப்பது தினமும். இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் திட்டில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டும். உப்பு தண்டவாளத்தை அரிக்கும். இத்தனை செலவும் யாருக்காக? சேது ஸ்நானத்துக்கும் ஊர் பார்க்கவும் வருகிறவர்களுக்கு 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறதே.

அக்கரையில் 2015-லேயே தலைமன்னார் துறை வரை ரயில் திரும்பிவிட்டது. நாம் கேட்க வேண்டியது ராமேஸ்வரத்திலிருந்து கப்பல். அதற்கு இருக்கிற பாதையே போதும்.

தனுஷ்கோடியில் ரயில்வேக்கு வேறு கடமை இருக்கிறது. மிஞ்சி நிற்கும் ஸ்டேஷன் சுவர்கள் விழாமல் காக்க வேண்டும். அன்றிரவு அந்த வண்டியில் பணியிலிருந்து மாண்ட ஊழியர்களின் பெயர்களை அங்கே கல்லில் பொறிக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். கடலை மட்டும் காட்டாமல், இந்தக் கதையையும் சொல்லுங்கள்.