பேராசை யாருக்கு?

மோசடிக்காரர்களின் உண்மைக் கதைகள் நம்மை ஏன் இழுக்கின்றன என்று சென்ற இதழில் விளக்கியிருக்கிறார் நண்பர். ஏமாற்றுகிறவன் மகா மூளைக்காரனாம், ஏமாறுகிறவன் பேராசைக்காரனாம். ஆகவே உறுத்தல் இல்லாமல் ரசிக்கலாமாம். 2014-இல் 'சதுரங்க வேட்டை' என்ற மோசடிப் படத்தைப் பார்த்துவிட்டு டீக்கடையில் நின்றவர்கள் பேசியதும் இதைத்தான். அவர்கள் அதைச் சமூகவியல் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

சாட்சிக்கு டென்மார்க்கை இழுத்ததுதான் அவருக்கு வினை. ஸ்டைன் பேகரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பூரிக்கிறார். போலி லீசிங் ஒப்பந்தங்களால் ஐடி ஃபேக்டரி என்ற தன் நிறுவனத்தை ஊதிப் பெருக்கி, 2008-இல் துபாயில் மாயமாகி, லாஸ் ஏஞ்சல்ஸில் சரணடைந்தவர். சினிமாவுக்கு ஏற்ற கதைதான், மறுக்கவில்லை. அதே நாட்டு பிரிட்டா நீல்சன் மட்டும் நண்பர் கண்ணில் படவில்லையா? பட்டால் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும் என்ற பயமா?

பிரிட்டா சமூக சேவைகள் வாரியத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்த அரசு ஊழியர். நலிந்தவர்களுக்கான திட்டங்களுக்கு மானியம் பட்டுவாடா ஆகும் இடத்தில் அவருக்கு நாற்காலி. 1993 முதல் 2018 வரை அந்தப் பணத்தைத் தன் கணக்குகளுக்குத் திருப்பிக்கொண்டே இருந்தார். மொத்தம் சுமார் 11 கோடியே 70 லட்சம் குரோன். சுரங்கம் தோண்டவில்லை, மாறுவேஷம் போடவில்லை. காலையில் ஆபீசுக்குப் போனார், மாலையில் வீட்டுக்கு வந்தார். குடும்பத்துக்கு விலை உயர்ந்த குதிரைகள் வந்தன. 2018 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் பிடிபட்டார். 2020 பிப்ரவரியில் கோபன்ஹேகன் நீதிமன்றம் ஆறரை ஆண்டு சிறை விதித்தது.

இதில் மூளை எங்கே இருக்கிறது? கால் நூற்றாண்டு யாரும் ஒழுங்காகச் சரிபார்க்காத கணக்கில் கைவைக்க மேதை வேண்டுமா? வேலி பயிரை மேய்ந்தது. நண்பரின் கணக்குப்படி மேய்ந்த வேலிக்கும் மாலை போட வேண்டும்.

மூளைதான் வேண்டும் என்றால் நிதி வணிகர் சஞ்சய் ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாத டிவிடெண்ட் வரியைத் திருப்பித் தரச் சொல்லி அவரும் அவரைப் போன்றவர்களும் கேட்டார்கள். டென்மார்க் வரித்துறை எடுத்துக் கொடுத்தது. இப்படிப் பலரிடமாக 2012 முதல் 2015 வரை போனது சுமார் 1,270 கோடி குரோன். ஷாவுக்கு 2024 டிசம்பரில் 12 ஆண்டு சிறை. இங்கே ஏமாந்தது ஒழுங்காக வரி கட்டிய ஜனங்கள். வரி கட்டுவதும் பேராசையில் சேர்த்தியா?

திருடர் கதையை ரசிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. 1968-இல் தொடங்கிய ஓல்சன் கும்பல் என்ற திருட்டு நகைச்சுவைப் படங்களை டென்மார்க்காரர்கள் இன்னும் சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள். நானும் பார்ப்பேன். கும்பல் தலைவன் எகோன் ஓல்சன் திட்டம் போடுவான், சொதப்புவான், திரும்ப ஜெயிலுக்குப் போவான். ஏமாந்தவனைத் திட்டச் சொல்லி அந்தப் படங்கள் யாரையும் கேட்பதில்லை.

நண்பர் அடுத்த கட்டுரையை எழுதும்போது ஒன்றை மட்டும் விளக்கட்டும். பிரிட்டா எடுத்த பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமோ, அவர்களுக்குத் தாங்கள் ஏமாந்ததே தெரியாது. அவர்கள் எதற்குப் பேராசைப்பட்டார்கள்?