கடிகாரத்தைப் பார்க்காமல் வாசியுங்கள்!



ஏழாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். 'இரண்டு வருடமாக வயலின் கற்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லி, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து விடுகிறார். என் கண் முழுவதும் கடிகாரத்தின் மேல்தான் இருக்கிறது. வயலினை விட்டுவிடலாமா?' என்று கேட்டிருந்தார்.

படித்ததும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வருத்தமும் வந்தது. உங்கள் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு வாய்த்தது மிருதங்கம். ஞாயிறு காலையில் வகுப்பு. தெருவில் பசங்க கிரிக்கெட் ஆடும் சத்தம் கேட்கும். கை 'த தி தொம் நம்' என்று தட்டும். மனசு பந்தின் பின்னால் ஓடும். வீட்டில் சாதகம் செய்யச் சொன்னால், உடனே வயிற்றுவலி வந்துவிடும்!

ஒரு நாள், 'எனக்கு வேண்டாம்' என்றேன். 'சரி' என்று விட்டுவிட்டனர். அன்று எனக்கு ஒரே கொண்டாட்டம். மிருதங்கம் பரணுக்குப் போனது.

இன்றும் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால், என் விரல்கள் தொடையில் தாளம் போடும். போடத்தான் முடியும், வாசிக்க முடியாது. அந்த ஏக்கம் உங்களுக்கு வரவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆந்திராவின் பாலகொல்லு என்ற ஊரில், 1969ல் பிறந்தவர். ஆறு வயதில், தன் அப்பாவின் மாண்டலினை ஆசையாக எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அவருடைய குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், சிறுவன் அதைக் கேட்டு, மாண்டலினில் வாசிப்பான். கர்நாடக இசைக்குப் பழக்கமில்லாத கருவி அது. மீட்டிய ஒலி சட்டென்று அடங்கிவிடும். சுரங்களை அசைத்து, வளைத்து வாசிக்கும் கமகம் அதில் எளிதில் வராது. அவரோ, மின்சார மாண்டலினில் ஐந்து தந்திகளை அமைத்துக்கொண்டு, விடாமல் வாசித்தார். 1981ல், 12 வயதில், சென்னை இசை விழா மேடையில் வாசித்தார். 2014ல் மறையும் வரை, உலகம் முழுவதும் அந்தச் சின்னக் கருவியோடு சுற்றி வந்தார்.

எல்லாரும் ஸ்ரீநிவாஸ் ஆகவேண்டும் என்பதில்லை, குட்டீஸ். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கருவியை அவர் தானாகப் போய் எடுத்தார். 'அம்மாவுக்காக' வாசிப்பதற்கும், 'எனக்காக' வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

'சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று ஒரே போர்!' என்கிறீர்களா? உண்மைதான். ஆனால், சைக்கிள் பழகிய நாளை நினைத்துப் பாருங்கள். முழங்காலில் சிராய்ப்போடு, விழுந்து விழுந்துதானே எழுந்தீர்கள்? இப்போது பேசிக்கொண்டே ஓட்டுகிறீர்கள். விரலும் அப்படித்தான். வரிசைகளில் பழகிய விரல்தான், நாளை கீர்த்தனையிலும், உங்களுக்குப் பிடித்த சினிமா பாட்டிலும் தானாக ஓடும்.

சில யோசனைகள் சொல்கிறேன்.

கருவியைப் பெட்டியில் போட்டு, அலமாரிக்குள் வைக்காதீர்கள். குழந்தைகள் கைபடாத, ஆனால் உங்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

ஞாயிறன்று மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் இருபது நிமிடம் வாசிப்பது நல்லது. நடுவில் தூங்கி எழும்போது, கற்றது மனதில் நன்றாகப் பதியும்.

தப்பு வந்தால், உடனே ஆரம்பத்துக்கு ஓடாதீர்கள். அப்படிச் செய்தால், முதல் வரி மட்டும் பிரமாதமாக வரும். தப்பு அப்படியே இருக்கும்! தப்பு வரும் இடத்தை மட்டும் எடுத்து, முதல் காலத்தில், மெதுவாக நான்கு முறை வாசியுங்கள். பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.

முடிக்கும்போது, உங்களுக்குப் பிடித்த ஒன்றை வாசியுங்கள். வாரம் ஒரு நாள் தாத்தா, பாட்டியை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். அவர்களைவிட நல்ல ரசிகர் உலகத்தில் கிடையாது!

கடிதம் எழுதிய செல்லத்துக்கு... அம்மாவிடம் போய், 'தினமும் இருபது நிமிடம் நானே வாசிக்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம். அடுப்படியிலிருந்து கேட்டால் போதும்' என்று பேசிப்பார். மூன்று மாதம் அப்படி வாசி. அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால், தயங்காமல் சொல்லிவிடு. ஓவியமோ, விளையாட்டோ, உனக்கானது வேறாக இருக்கலாம்; அதில் தவறில்லை. ஆனால், விரல் வலிக்கும் நாளிலோ, திட்டு வாங்கிய கோபத்திலோ அந்த முடிவை எடுக்காதே. நான் அப்படித்தான் எடுத்தேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஒரு வரி நன்றாக வந்தால், 'இன்னொரு தடவை வாசி, கேட்கலாம்' என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் தாமாகவே கருவியை எடுப்பர்.

அப்புறம் ஒரு ரகசியம், குட்டீஸ். பரணில் இருந்த மிருதங்கத்தை இறக்கிவிட்டேன். தோல் வறண்டு, வெடித்துக் கிடந்தது. புது மூட்டு போடக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல், எனக்கும் 'த தி தொம் நம்' தான்!

யார் முதலில் தேறுகிறோம், பார்க்கலாமா?

அன்புடன்,
ஆசிரியர்