தலைகீழ் மாங்காய்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாக ஆபீஸுக்கு ஜிப்பா போட்டுக்கொண்டு போனேன். காவி கலர் ஜிப்பா. கழுத்தில் இரண்டு வரிசை பாசிமணி. தோளில் ஜோல்னாப் பை. காலில் கோலாப்புரி செருப்பு.

கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார்.

‘‘நன்கொடைன்னா பன்னண்டு மணிக்கு மேல வாங்க. மேனேஜர் இன்னும் வரல.’’

ஏழு வருஷமாக தினமும் எனக்கு சல்யூட் அடிக்கிற மனிதர்!

பன்னிரண்டு மணிக்கு வந்த மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ‘‘ஏம்ப்பா, வீட்ல ஏதாவது பிரச்னையா?’’ என்றார். கேஷியர் மட்டும் கையிலிருந்த கட்டை எண்ணி முடித்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, ‘‘கவிதை எழுத ஆரம்பிச்சிட்டியா? சொல்லவே இல்ல!’’ என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு பேர் கையில் சில்லறை கொடுக்க வந்தார்கள். ஒருவர் ஜாதகம் காட்டினார்.

இத்தனைக்கும் காரணம் என் மைத்துனன். சென்னையில் டிசைன் படிக்கிறான். ‘‘மாமா, உங்க பீரோவைத் திறந்தா ஆறு வெள்ளைச் சட்டை, ஆறு கறுப்பு பேன்ட். வக்கீல் ஆபீஸ் மாதிரி இருக்கு. கொஞ்சம் போஹோவா டிரஸ் பண்ணுங்க’’ என்று ஏற்றி விட்டுப் போனான். அந்த வாரமே சென்னையில் ஒரு கண்காட்சிக்கும் கூட்டிப் போனான். அங்கே பழைய பட்டுப் புடவையைக் கிழித்துத் தைத்த கையில்லாத கோட் ஒன்று தொங்கியது. விலை ஏழாயிரத்து ஐந்நூறு. கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நெசவாளி மகன், பழக்கதோஷம். நம்ம ஊர்க் கோர்வைப் புடவை. சரியாகக் கோர்வையின் குறுக்கே கத்திரி வைத்திருந்தான் பாவி.

*

போஹோ என்றால் பொஹீமியன். பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டில் ஒரு பகுதி. ஊர் ஊராகச் சுற்றிய ஜிப்ஸிகள் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்று நினைத்து பிரெஞ்சுக்காரர்கள் அவர்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு 1840-களில், பாரிஸில் மாடி அறைகளில் வாடகை பாக்கியோடு குடியிருந்த ஓவியர்கள், கவிஞர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆன்ரி முர்ஜே என்பவர் அவர்களைப் பற்றிக் கதைகள் எழுதினார். 1896-ல் புச்சினி அதை ஓப்பரா ஆக்கினார். வாடகை பாக்கி, உலகப் புகழ் பெற்றது.

வேடிக்கை என்னவென்றால், ஜிப்ஸிகளின் பூர்வீகம் பொஹீமியாவே இல்லை. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள் என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பாஷையில் தண்ணீருக்கு ‘பானி’, காதுக்கு ‘கான்’. ஆக, இந்த ஃபேஷனின் பெயருக்குச் சொந்தக்காரர்கள் இங்கிருந்து நடந்து போனவர்கள். ஃபேஷன் மட்டும் ஃப்ளைட்டில் திரும்பி வந்து ஏழாயிரத்து ஐந்நூறு கேட்கிறது!

போஹோவின் முத்திரை டிசைன் ஒன்று உண்டு. கண்ணீர்த் துளியை ஒரு பக்கம் வளைத்த மாதிரி இருக்கும். பாரசீகம், காஷ்மீர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. காஷ்மீர் சால்வையைப் பார்த்து 19-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் காப்பியடித்து நெய்து தள்ளினார்கள். அதனால் உலகத்துக்கே அது ‘பெய்ஸ்லி’. நமக்கு அது மாங்காய். பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு மாங்காயைப் பற்றி வெளியூர்க்காரர் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஏக ஆம்ரம் என்றால் ஒற்றை மாமரம். அந்த மரத்தடியில்தான் ஏகாம்பரநாதரே உட்கார்ந்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் நிஜ பொஹீமியர்கள் இல்லாமல் இல்லை. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள், சிற்பிகள் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் என்ற கிராமத்தையே உருவாக்கினார்கள். படம் விற்காத காலத்தில் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்று, அந்தக் காசில் வயிற்றையும் வண்ணத்தையும் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது வாழ்க்கை. எனக்கு ஒரு திங்கட்கிழமை. அதுதான் வாட்ச்மேனுக்குத் தெரிந்துவிட்டது.

*

அடிபட்ட அனுபவத்தில் சில விதிகள் வகுத்திருக்கிறேன். பத்து மணி ஆபீஸ் போகிற பிரம்மச்சாரி நண்பர்களுக்குப் பயன்படலாம்.

ஒன்று: ஒரு நாளைக்கு ஒரே ஒரு அயிட்டம். ஜிப்பாவா, ஜிப்பா மட்டும். மணியா, மணி மட்டும். எல்லாம் சேர்ந்தால் நன்கொடை.

இரண்டு: பாசிமணி வாங்கினால் பஸ் ஸ்டாண்டு பக்கம் மணி கோத்து விற்கும் நரிக்குறவப் பெண்களிடம் வாங்குங்கள். கடையில் ஸ்டிக்கர் விலையை வாயைத் திறக்காமல் கொடுக்கிற நாம் அவர்களிடம் மட்டும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவோம். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எத்தனையோ வருஷமாகக் கேட்டு, 2022 டிசம்பரில்தான் பார்லிமென்ட்டில் அதற்கான மசோதா நிறைவேறியது. அவர்கள் போதுமான அளவு பேரம் பேசிவிட்டார்கள். நீங்கள் வேறு பேசாதீர்கள்.

மூன்று: கோலாப்புரி செருப்பைத் தைரியமாகப் போடலாம். இத்தாலியின் ப்ராடா கம்பெனியே 2025 ஜூனில் மிலான் ஃபேஷன் ஷோவில் அசப்பில் அதே செருப்பை மாடல்கள் காலில் மாட்டிவிட்டது. இந்தியாவின் பெயரை அப்போது சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் சத்தம் கிளம்பிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். மழை நாளில் மட்டும் வேண்டாம். ஊறிய தோல் உங்களுக்கு முன்னால் ஆபீஸுக்குள் வந்து சேரும், வாசனை ரூபத்தில்.

நான்கு: வெள்ளிக்கிழமை வேட்டி. 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட் நீதிபதியையே உள்ளே விடவில்லை. அதே வருஷம் சட்டசபையில் அதற்கென்று சட்டம் போட்டு, வேட்டிக்குப் பொது இடங்களில் கதவைத் திறந்து விட்டார்கள். எனவே வேட்டிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இடுப்பில் நிற்பதற்குச் சட்டத்தில் வழி சொல்லவில்லை. அதற்கு பெல்ட்.

ஐந்து: மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டை. இது கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டிய சமாசாரம். 1950-களின் கடைசியில் அமெரிக்கா போன நம்ம கைத்தறிக் கட்டம் போட்ட துணியைப் பிரபலமான ஒரு கடை சட்டை, கோட் என்று தைத்து விற்றதாம். குளிர்ந்த தண்ணீரில், தனியாகத் துவைக்க வேண்டும் என்று யாரும் வாங்கினவர்களுக்குச் சொல்லவில்லை. வாஷிங் மெஷினில் போட்டார்கள். சாயம் கழன்று மற்ற துணியெல்லாம் வானவில். வக்கீலைக் கூப்பிடும் அளவுக்குச் சண்டை. அப்போது ஒரு விளம்பரப் புத்திசாலி மாற்றி யோசித்தார். சாயம் போவது இந்தத் துணியின் குறையில்லை, சிறப்பு. ஒவ்வொரு சலவையிலும் புதுச் சட்டை. கட்டாயம் சாயம் போகும், அதற்கு உத்தரவாதம்! காலேஜ் பையன்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள் என்று கதை. (நீங்கள் முதல் சலவைக்குக் கல் உப்பு போட்ட பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுங்கள். உங்கள் வீட்டில் அந்த விளம்பரம் எடுபடாது.)

ஆறு: ஜோல்னாப் பை. எல்லாவற்றிலும் உத்தமம் இதுதான். வியர்வை படாது, தினமும் துவைக்க வேண்டாம், டிபன் பாக்ஸும் கொள்ளும். ஆனால் வெறும் காவிப் பையாக இருந்தால் பழையபடி வாட்ச்மேன். முன்பக்கத்தில் ஏதாவது ஒரு துண்டுப் பட்டு வேண்டும்.

பட்டுத் துண்டுக்கு எங்கே போவது?

*

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். ஒரு காலத்தில் தெருவில் தறிச் சத்தத்தில்தான் பொழுது விடியும். இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸின் ஹாரனில் விடிகிறது. அப்பா தறியை நிறுத்தி ஆறு வருஷமாகிறது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. குழியின் மேல் பலகை போட்டு மூடி, அதன் மேல் என் பைக் நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் மைக் கட்டிக்கொண்டு பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர் வந்தார். அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து தன் அரக்குப் புடவையை எடுத்து வந்தாள். மடிப்பெல்லாம் விட்டுப் போயிருந்தது. அவர் ஜரிகையைக் கல்லில் தேய்த்துப் பார்த்து ஒரு விலை சொன்னார். புடவையை அவர் என்ன செய்வார் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எரித்து வெள்ளியை எடுப்பார்.

அம்மாவிடம் இருந்தது அந்த ஒரு பட்டுதான். நெய்கிறவர் வீட்டில் பட்டு கட்டுவதில்லை. இது வந்த கதை வேறு. 1991 தீபாவளி நெருக்கத்தில், ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா கண் அசந்ததில், ஜக்கார்டில் அட்டை பின்பக்கமாக ஓடிவிட்டது. உடலில் ஒரு வரிசை மாங்காய் புட்டா முழுக்கத் தலைகீழ். மறுநாள் ஏழு விரற்கடை நெய்த பிறகுதான் கண்ணில் பட்டது. முதலாளி புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கூலி கிடையாது, பட்டுக்கும் ஜரிகைக்கும் பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போ என்றார். ஒரு வருஷம் கூலியில் பிடித்தார்கள். அம்மா அதைக் கட்டிக்கொண்டு வருகிற நாளிலெல்லாம் அப்பா தெருப் பக்கம் பார்ப்பார்.

‘‘அம்மா, விக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வரிசை வெட்டிக் குடு. பைக்கு வேணும். அந்தத் தலைகீழ் வரிசை.’’

திண்ணையிலிருந்து அப்பா திரும்பினார். ‘‘புடவை பூரா ஆயிரம் மாங்கா நேரா இருக்கு. அதைத்தான் எடுக்கணுமா? எல்லாரும் பாக்கறதுக்கா?’’

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த அமெரிக்கக் கதையைச் சொன்னேன். சாயம் போனது, சண்டை, விளம்பரம் எல்லாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

‘‘கலர் போனதுக்குப் பணத்தைத் திருப்பிக் குடுத்தானா?’’

‘‘இல்லப்பா. இன்னும் ஜாஸ்தியா வித்தான்.’’

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘‘நமக்கு அவ்ளோ இங்கிலீஷ் தெரியாமப் போச்சு’’ என்றார்.

எழுந்து வந்து அம்மா கையிலிருந்து கத்திரியை வாங்கினார். நான் கரையிலிருந்து வெட்டலாம் என்று விரலை வைத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

‘‘கோர்வையில கத்திரி வைக்காதே. அந்தப் பக்கம் நாடா தள்ளினது உங்கம்மா.’’

உடலில் மட்டும், ஒரு இழை பிசகாமல் அந்த வரிசையை வெட்டி எடுத்தார். கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் பார்க்காத வரிசை. மீதிப் புடவையை அம்மா மடித்து மறுபடி டிரங்குப் பெட்டியில் வைத்தாள். மொபெட்காரர் பெட்ரோல் செலவைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

*

இந்தத் திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், தோளில் பை. வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். மேனேஜர் கூப்பிட்டு, பையைத் தடவிப் பார்த்து, ‘‘எங்கப்பா வாங்கினே? மாங்கா தலைகீழா இருக்கு, அதுதான் அழகே! எனக்கு ஒண்ணு, என் பொண்ணுக்கு ஒண்ணு சொல்லு. எவ்ளோ ஆனாலும் பரவால்ல’’ என்றார். மத்தியானத்துக்குள் மொத்தம் ஆறு ஆர்டர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். ‘‘ஆறு பேர் கேக்கறாங்கப்பா. பக்கத்து வீட்டுத் தறியில சொல்லி, நீங்க பக்கத்துல உக்காந்து அதே மாதிரி ஒரு முழம் போடச் சொன்னா என்ன?’’

அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்தார்.

‘‘போடலாம். ஆனா முதல்லயே பேசிடு. தெரியாம தப்பா நெய்ஞ்சா கூலி கிடையாது. வேணும்னே தப்பா நெய்யறதுன்னா டபுள் கூலி.’’